சர்வரில் டிஸ்க் தெரியலையா? எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

1/
சர்வரில் புதுசா ஆபரேட்டிங் சிஸ்டம் போட உட்காருறீங்க. மொழி கேட்குது, கீ கேட்குது, எல்லாம் ஒழுங்காத்தான் போகுது. "எந்த டிஸ்க்கில் போடணும்?" என்று கேட்கிற திரை வந்ததும் அங்கே ஒண்ணுமே இல்லை. வெறும் வெள்ளைக் கட்டம். டிரைவ் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி மட்டும்.

2/
அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் வாயில் வரும் முதல் வார்த்தை, "டிஸ்க் போச்சு". இந்த இழை அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான். 'தெரியலை' என்பது வேறு, 'போச்சு' என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால், உயிரோடு இருக்கிற டிஸ்க்கை நம்ம கையாலேயே அழிச்சிடுவோம்.

3/
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. இன்னைக்குப் பத்துப் படுக்கை மருத்துவமனையில்கூட நோயாளிக் குறிப்பு, லேப் ரிப்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் ஒரு சர்வரில்தான் இருக்கு. உள்நோயாளிக் குறிப்புகளை 3 வருடம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அந்த சர்வர் படுத்துட்டா, ஓடி வர நமக்கு ஐ.டி. டிபார்ட்மென்ட் கிடையாது. பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் கடைத் தம்பிதான் வருவார். மொத்த வியாபாரக் கடை, பள்ளிக்கூட ஆபீஸ், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமைதான்.

4/
எங்க தொழிலில் இருந்து ஒரு விஷயம் சொல்றேன். ஒருத்தர் வந்து, "டாக்டர், வலது கால் அசைய மாட்டேங்குது" என்கிறார். உடனே காலைப் பிடிச்சு வைத்தியம் பார்க்கிறதில்லை. கட்டளை மூளையில் கிளம்புது, தண்டுவடம் வழியா இறங்குது, நரம்பில் ஓடுது, கடைசியா தசைக்கு வருது. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் வெளியே தெரிவது ஒண்ணுதான்: கால் அசையலை. எங்கே அறுந்திருக்கு என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மருந்து அதுக்கு அப்புறம்.

5/
டிஸ்க்குக்கும் இதே வழிதான். டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டாலர் திரை வரைக்கும் 5 படி இருக்கு.
அ) டிஸ்க், அதுக்கு வரும் மின்சாரம், கேபிள்
ஆ) பயாஸ்
இ) ரெய்டு கன்ட்ரோலர்
ஈ) டிரைவர்
உ) இன்ஸ்டாலர்
கீழேயிருந்து ஒவ்வொரு படியா ஏறுங்க. ஒவ்வொரு படியிலும், "இங்கே டிஸ்க் தெரியுதா?" என்று கேளுங்க. தெரிகிற கடைசிப் படிக்கும் தெரியாத முதல் படிக்கும் நடுவில்தான் கோளாறு.

6/
ஏறுவதற்கு முன்னாடி ஒரே ஒரு விதி. பழைய டேட்டா இருக்கிற டிஸ்க்காக இருந்தால், கோளாறு எங்கேன்னு தெரியும் வரை பார்க்க மட்டும் செய்யுங்க, எதையும் எழுதாதீங்க.
பார்ப்பது எது? பயாஸ் திரையைத் திறப்பது, டிஸ்க் பட்டியல் எடுப்பது, டிரைவர் லோடு செய்வது.
எழுதுவது எது? க்ளீன், ஃபார்மேட், இனிஷியலைஸ், கிளியர், கிரியேட். திரையில் இந்த வார்த்தைகளில் ஒண்ணு வந்தா கீபோர்டிலிருந்து கையை எடுத்துடுங்க.

7/
முதல் படி: டிஸ்க்கும் கேபிளும்.
சர்வரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடுங்க. எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று 1, 2, 3, 4 எனப் பேனாவால் எழுதி ஒட்டிட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க. அப்புறம் டிஸ்க்கை உருவி மறுபடி அழுத்திச் சொருகுங்க. டிரே 'கிளிக்' என்று பூட்டணும். சாதா சாட்டா டிஸ்க் என்றால் கேபிள் இரண்டு: மின்சாரத்துக்கு ஒண்ணு, டேட்டாவுக்கு ஒண்ணு. டேட்டா கேபிளை மாத்திப் பாருங்க, போர்ட்டை மாத்திப் பாருங்க. எளிமையான வைத்தியம்தான், ஆனா இதிலேயே சரியாகிற கேஸ் நிறைய.

8/
இதே படியில் அனுபவசாலிகளையே சுத்தல்ல விடும் நாலு விஷயம்:
• சாஸ் டிஸ்க்கை சாட்டா போர்ட்டில் போட்டால் வேலை செய்யாது. சாட்டா டிஸ்க்கை சாஸ் கன்ட்ரோலரில் போட்டால் வேலை செய்யும். வழி ஒரு பக்கம்தான்.
• நிறைய மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், சாட்டா போர்ட் ஒண்ணு ரெண்டு தானாக அணைஞ்சிடும். மதர்போர்டு கையேட்டில் போட்டிருப்பான்.
• சில புது சாட்டா டிஸ்க்குகள் பழைய பவர் சப்ளையில் சுத்தவே சுத்தாது. மின் இணைப்பின் மூணாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால், "அணைந்து இரு" என்ற கட்டளையாக அதை எடுத்துக்கும்.
• பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளில் இருந்து கழற்றி செகண்ட் ஹேண்டில் விற்கும் சாஸ் டிஸ்க் சிலது 512க்குப் பதிலா 520 பைட் செக்டாரில் இருக்கும். சாதா சர்வர் அதைச் சேர்த்துக்காது.
நாலிலும் டிஸ்க் நல்லாத்தான் இருக்கு என்பதைக் கவனிங்க.

9/
இரண்டாவது படி: பயாஸ்.
சர்வர் கிளம்பும்போது பயாஸ் திரைக்குள் போய் ஸ்டோரேஜ் பகுதியைப் பாருங்க. டிஸ்க்கின் மாடல் பெயரும் கொள்ளளவும் அங்கே வந்தால் பாதி நிம்மதி. டிஸ்க்கின் எலக்ட்ரானிக்ஸ் பேசுது, கேபிள் சரி. கோளாறு இதுக்கு மேலே.
அங்கேயும் வரலைன்னா இரண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, முதல் படியிலேயே சிக்கல். இன்னொண்ணு, டிஸ்க்குகள் ஒரு ரெய்டு கார்டுக்குப் பின்னாடி இருக்கு. அப்படின்னா பயாஸ் பட்டியலில் தனித்தனி டிஸ்க்காக வரவேண்டிய அவசியமே இல்லை.

10/
மூணாவது படி: ரெய்டு. இந்த இழையில் உயிர் ஊசலாடும் இடம் இதுதான், நிதானமாப் படிங்க.
பல டிஸ்க்கைச் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி காட்டுகிற முறை ரெய்டு. 1988ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. சர்வரில் இந்த வேலையை ஒரு தனி கார்டு பார்க்கும். டெல் சர்வரில் பெர்க், ஹெச்.பி.யில் ஸ்மார்ட் அரே, இன்னும் பலதில் மெகாரெய்டு. உள்ளே 4 டிஸ்க் இருக்கும். இன்ஸ்டாலருக்குக் கார்டு காட்டுவது, அது உருவாக்கிய ஒரு மெய்நிகர் டிஸ்க்கை மட்டும்தான்.

11/
அதனால் புது சர்வர், புது டிஸ்க் என்றால், மெய்நிகர் டிஸ்க் உருவாக்கும் வரை இன்ஸ்டாலரில் எதுவும் தெரியாமல் போகலாம். அது கோளாறே இல்லை. கார்டின் அமைப்புத் திரைக்குப் போய் உருவாக்குங்க, முடிஞ்சது. பழைய பெர்க் கார்டுகளில் கன்ட்ரோல் ஆர், புதுசுகளில் பயாஸ் வழியே. ஹெச்.பி. என்றால் எஃப் 9.
ஆனா பழைய டேட்டா இருக்கிற டிஸ்க் என்றால் இதே 'உருவாக்கு' பொத்தான்தான் விஷம். புதுசுக்கு மருந்து, பழசுக்கு விஷம். இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே பொத்தான்.

12/
எனக்குத் தெரிந்த ஒரு பிரசவ மருத்துவமனை. சர்வரின் மதர்போர்டு எரிஞ்சுபோச்சு. அதே கம்பெனியின் இன்னொரு பழைய சர்வரை வாங்கி, 4 டிஸ்க்கையும் அதுக்கு மாத்தினாங்க. இன்ஸ்டாலரில் ஒண்ணும் தெரியலை. அதுக்கு முன்னாடி, சர்வர் கிளம்பும்போதே கருப்புத் திரையில் ஒரு வரி வந்து போயிருக்கு: ஃபாரின் கான்ஃபிகரேஷன் இருக்கிறது. வந்திருந்த தம்பி கிளியர் கொடுக்கத் தயாரா இருந்தார். "கிளியர் பண்ணிட்டு புதுசா கிரியேட் பண்ணா டிஸ்க் தெரிஞ்சிடும் சார்" என்றார் போனில்.

13/
அவர் சொன்னது பொய்யில்லை. தெரிஞ்சிருக்கும். உள்ளே ஒண்ணும் இருந்திருக்காது.
'ஃபாரின்' என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. "இந்த டிஸ்க்குகளில் ஒரு ரெய்டு அமைப்பு எழுதியிருக்கு, ஆனா அதை எழுதியது நான் இல்லை" என்று புது கார்டு சொல்வது அது. வேற ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியோட ஒரு நோயாளி வந்தா, எங்க கையெழுத்து இல்லைன்னு நாம அதைக் கிழிச்சுப் போடுவோமா? வாங்கிப் படிப்போம். அதுக்குப் பெயர்தான் இம்போர்ட். கிளியர் என்றால் கிழிச்சுப் போடுவது.

14/
அந்த சர்வரில் என்ன இருந்தது தெரியுமா? 2015லிருந்து நடந்த பிரசவங்களின் குறிப்புகள். ஒரு விஷயம் சொன்னால் அதன் மதிப்பு உங்களுக்குப் புரியும். முதல் பிரசவம் சிசேரியன். இரண்டாவதுக்கு சுகப்பிரசவம் முயற்சி செய்யலாமா? முதல் தடவை கர்ப்பப்பையைக் குறுக்கே வெட்டினார்களா, நெடுக்கே வெட்டினார்களா என்று தெரியணும். நெடுக்கே என்றால், வலி எடுக்கும்போது பழைய தழும்பு பிரிகிற ஆபத்து அதிகம். வயிற்றின் மேல் உள்ள தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்பு, அந்த 4 டிஸ்க்கில்.

15/
போனிலேயே ஒவ்வொரு வரியா வாசிக்கச் சொன்னேன். இம்போர்ட் செய்யும் முன் கார்டு ஒரு முன்னோட்டம் காட்டும். ரெய்டு 5, டிஸ்க் 4, நாலும் நலம், மொத்தக் கொள்ளளவு பழைய சர்வரில் இருந்த அதே அளவு. நாலும் பொருந்தியதும் இம்போர்ட் கொடுத்தார். ஒரு லினக்ஸ் பென்டிரைவில் சர்வரைக் கிளப்பி, டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்ற முறையில் திறந்தார். எல்லாம் இருந்தது. முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி. ஆபரேட்டிங் சிஸ்டம், தனியா வாங்கின ஒரு எஸ்.எஸ்.டி.யில். அந்தத் தம்பி இப்போ எல்லார்கிட்டயும் முதலில் கேட்பது, "உள்ள டேட்டா இருக்கா?"

16/
ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லணும். அந்த முன்னோட்டத்தில் ஒரு டிஸ்க் காணோம் என்றோ, பழுது என்றோ வந்தால் இம்போர்ட்டும் கொடுக்காதீங்க. எப்பவோ கழன்றுபோன டிஸ்க்கில் பழைய டேட்டா இருக்கும். அதைச் சேர்த்துவிட்டால் நல்லதும் குழம்பிப்போகும். அங்கே நிறுத்திட்டு, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் போங்க. ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எப்போ அனுப்பணும்னு தெரிவதும் வைத்தியம்தான்.

17/
நாலாவது படி: டிரைவர்.
பயாஸில் டிஸ்க் தெரியுது, ரெய்டும் சரி. இன்ஸ்டாலரில் மட்டும் காணோம். அப்போ கிட்டத்தட்ட டிரைவர்தான்.
டிரைவ் என்றால் டிஸ்க். டிரைவர் என்றால் அந்த டிஸ்க்கோட கன்ட்ரோலரிடம் பேசத் தெரிந்த மென்பொருள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருத்தர் ஒடியாவில் தன் வலியைச் சொல்றார். எனக்கு ஒடியா தெரியாது. அவர் பேசாமல் இல்லை, எனக்குத்தான் புரியலை. மொழிபெயர்க்க ஒருத்தர் வந்துட்டா போதும். டிரைவர் அந்த மொழிபெயர்ப்பாளர்.

18/
இது புதுப் பிரச்சினையும் இல்லை. விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில், இன்ஸ்டால் தொடங்கும்போதே எஃப் 6 அழுத்தி, ஃபிளாப்பி டிஸ்க்கில் இருந்து டிரைவர் கொடுக்கணும். ஃபிளாப்பி போயிடுச்சு, இன்டெல் இன்னும் இந்த டிரைவரை 'எஃப் 6' என்ற பெயரில்தான் கொடுக்குது.
இப்போ இதில் அதிகம் மாட்டுவது வி.எம்.டி. இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர் தொடங்கி நிறைய கம்ப்யூட்டர்களில், என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யை இந்த வி.எம்.டி. தனக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும். அதற்கான டிரைவர் இல்லாத இன்ஸ்டாலருக்கு எஸ்.எஸ்.டி. தெரியாது. டெஸ்க்டாப்பையே சர்வரா பயன்படுத்துகிற சின்ன இடங்கள் மாட்டுவது இங்கேதான்.

19/
வழி இரண்டு. பயாஸில் வி.எம்.டி.யை அணைப்பது ஒண்ணு. அந்த டிரைவரைக் கொடுப்பது இன்னொண்ணு.
புது மெஷின், காலி எஸ்.எஸ்.டி., ரெய்டு தேவையில்லை என்றால் அணைச்சிடலாம். ஏற்கனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினில் அணைத்தால், அந்த விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுபோகலாம். வி.எம்.டி. வழியாக ரெய்டு போட்டிருந்தால் அதுவும் கலைஞ்ச மாதிரி தெரியும். அதனால் மாற்றும் முன் பயாஸ் திரையைப் போட்டோ எடுங்க. எதை மாற்றினோம் என்று தெரிந்தால்தான் திருப்பி வைக்க முடியும்.

20/
டிரைவர் கொடுக்கும்போது எல்லாரும் சறுக்குகிற இடம்: இறக்கின இன்ஸ்டால் ஃபைலை அப்படியே பென்டிரைவில் போட்டு நீட்டுவாங்க. விண்டோஸ் இன்ஸ்டாலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதை வேறொரு கம்ப்யூட்டரில் பிரிச்சு, உள்ளே ஐ.என்.எஃப்., சிஸ், கேட் என்று முடியும் ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டரைக் காட்டணும். 64 பிட்டா, எந்த வருட சர்வருக்கானது என்பதும் பொருந்தணும். 'லோடு டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்க. சரியான டிரைவர் என்றால் சில நொடியில் டிஸ்க் வந்து நிற்கும். டெல்லில் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர், ஹெச்.பி.யில் இன்டலிஜென்ட் புரொவிஷனிங் வழியா இன்ஸ்டால் செய்தால், டிரைவரை அதுவே கொடுக்கும்.

21/
லினக்ஸிலும் இது உண்டு, வேறு வேஷத்தில். பழைய சர்வர், புது லினக்ஸ். 2019ல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, முந்தைய பதிப்பில் வேலை செய்த பழைய ரெய்டு கார்டுகள் சிலதுக்கு ஆதரவை எடுத்துடுச்சு. நேத்து வரை ஓடின அதே சர்வர், அதே டிஸ்க். புதுப் பதிப்பு போட உட்கார்ந்தா டிஸ்க் இல்லை. "அப்கிரேட் பண்ணும்போது டிஸ்க் போயிடுச்சு"ன்னு சொல்வாங்க. போகலை, மொழிபெயர்ப்பாளர் ஓய்வு பெற்றுட்டார். இ.எல்.ரெப்போ என்ற களஞ்சியத்தில் இப்படிப்பட்ட பழைய கார்டுகளுக்கு டிரைவர் டிஸ்க் கிடைக்கும்.
மெய்நிகர் மெஷினில் விண்டோஸ் சர்வர் போடுபவர்களுக்கும் இதேதான். பிராக்ஸ்மாக்ஸ் என்றால் விர்ட்ஐஓ டிரைவர் ஐ.எஸ்.ஓ.வையும் சேர்த்து இணைக்கணும்.

22/
ஐந்தாவது படி: இன்ஸ்டாலர்.
இங்கே டிஸ்க் தெரியும், ஆனா "இதில் போட முடியாது" என்று சொல்லும். பெரும்பாலும் எம்.பி.ஆர்., ஜி.பி.டி. தகராறு. யூ.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்பிய விண்டோஸ் இன்ஸ்டாலர் ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் உட்காரும். தேடினால், "க்ளீன் பண்ணி ஜி.பி.டி. ஆக்கு" என்றுதான் பத்துப் பேர் சொல்லியிருப்பாங்க. காலி டிஸ்க் என்றால் செய்யலாம். க்ளீன் என்பது அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரத்தையே துடைப்பது. மறுபடி உறுதியா என்றுகூடக் கேட்காது.

23/
இன்னொரு ஏமாற்று: "மீடியா டிரைவர் காணவில்லை" என்று வரும் செய்தி. எல்லாரும் ஹார்டு டிஸ்க்கைத் தட்டுவாங்க. அது சொல்வது இன்ஸ்டால் பென்டிரைவைப் பற்றி! தன் சொந்த ஃபைல்களையே அதால் படிக்க முடியலை. பென்டிரைவை வேறு போர்ட்டில், முடிந்தால் யூ.எஸ்.பி. 2ல் சொருகுங்க. சரிவரலைன்னா ஐ.எஸ்.ஓ.வை மறுபடி இறக்கி, பென்டிரைவைப் புதுசா தயார் செய்யுங்க. வலி ஒரு இடம், நோய் வேறு இடம்.

24/
நீங்களே பார்க்க இரண்டு ஜன்னல். விண்டோஸ் இன்ஸ்டாலரில் ஷிஃப்ட் எஃப் 10 அழுத்தினால் கருப்புத் திரை வரும். டிஸ்க்பார்ட், அதற்குள் லிஸ்ட் டிஸ்க். உபுண்டு சர்வர் என்றால் கன்ட்ரோல் ஆல்ட் எஃப் 2, பிறகு எல்.எஸ்.பி.எல்.கே. இரண்டுமே பட்டியல் மட்டும் போடும், எதையும் அழிக்காது. டிஸ்க்கை அதன் எண்ணை வைத்து அடையாளம் காணாதீங்க, மெஷின் திரும்பக் கிளம்பும்போது எண் மாறலாம். கொள்ளளவை வைத்துப் பாருங்க.
டேட்டா தனி டிஸ்க்கில் இருந்தால், இன்ஸ்டால் முடியும் வரை அதைக் கழற்றி மேசையில் வைங்க. சொருகாத டிஸ்க்கை யாராலும் தவறி அழிக்க முடியாது. ரெய்டு டிஸ்க்குகளில் மட்டும் இப்படி ஒண்ணு ரெண்டு உருவாதீங்க. இருந்தால் மொத்தமாக, அதனதன் இடத்தில்.

25/
உண்மையிலேயே டிஸ்க் போயிருக்கவும் செய்யலாம். டக் டக் என்று தட்டுகிற சத்தம், வேறு கேபிள், வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டர் என எங்கே போட்டாலும் தெரியாமல் இருப்பது. அப்போ திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீங்க. ஒவ்வொரு சுற்றும் காயத்தைப் பெருசாக்கும். அணைச்சு வைங்க, ரெகவரி ஆளிடம் கொடுங்க.

26/
இதெல்லாம் நடக்காதப்பவே செய்ய வேண்டியது. ஒரு அட்டையில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டுங்க: ரெய்டு கார்டின் மாடல், ரெய்டு எந்த வகை, எத்தனை டிஸ்க், மொத்தக் கொள்ளளவு, டேட்டா எதில் இருக்கு. கன்ட்ரோலர் டிரைவரைப் பிரித்துப் போட்ட ஒரு பென்டிரைவும் கூடவே இருக்கட்டும். நோயாளி படுக்கையில் தொங்குகிற கேஸ் ஷீட் மாதிரி. நடுராத்திரி யார் வந்தாலும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் தொடணும்.

27/
ரெய்டு இருக்கு, அதனால் பேக்கப் வேண்டாம் என்று நினைக்காதீங்க. ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாத்தும். ஒரு மனுஷன் கிளியர் அழுத்தினால் காப்பாத்தாது. டேட்டா 3 பிரதி, 2 வகை சாதனத்தில், 1 பிரதி வேறு கட்டடத்தில். மாசத்துக்கு ஒரு தடவை அந்த பேக்கப்பில் இருந்து ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், பரிசோதிக்காத ரத்தப் பை மாதிரி. அவசரத்தில் நம்ப முடியாது.

28/
வர்றவர் அவசரப்படுவார், அது அவர் தொழில், அடுத்த கடை காத்திருக்கும். நீங்க உரிமையாளர். கம்ப்யூட்டர் தெரியாட்டியும் பரவாயில்லை, இரண்டு கேள்வி மட்டும் கேளுங்க: "எந்தப் படி வரைக்கும் டிஸ்க் தெரியுது?" "இப்போ நீங்க அழுத்தப்போறது பார்க்கிறதா, எழுதுறதா?" பதில் வரும் வரை எதையும் அழுத்த விடாதீங்க.
சர்வர் வைத்திருக்கும் உங்க நண்பர்களுக்கும் அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் திரையைப் போட்டோ எடுத்துக் கீழே கேளுங்க, நோயாளி விவரம் தெரியாமல் மறைச்சுட்டு. தெரிஞ்சவரை சொல்றேன்.